சாதிக்கு இரண்டு சாட்சி

மைசூரில் யாரும் உங்கள் சாதியை நேராகக் கேட்க மாட்டார்கள். மரியாதைப்பட்ட ஊர். ‘உங்களுக்கு எந்தப் பக்கம்?’ என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால், ஊருக்குள் எந்தப் பக்கம் என்று அடுத்தது வரும். குலதெய்வம் எது, கல்யாணத்தை யார் நடத்தி வைத்தார்கள், வீட்டில் முட்டை உண்டா என்று ஒவ்வொன்றாக, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பது போல வரும். நான் முப்பது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். வயிற்றை அமுக்கி அமுக்கி, முகம் எங்கே சுளிக்கிறது என்று பார்க்கிற டாக்டர்களோடு நின்றவள். இந்தக் கேள்விகளும் அதே வேலைதான். அதனால் நான் முகம் சுளிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

மகளுக்கு ஒரு வயது இருக்கும்போது அக்ரஹாரத்தில் இந்த வீட்டைப் பார்க்க வந்தோம். அதற்கு முன் ஏழு வீடு பார்த்தாயிற்று. காலையில் ‘காலி’ என்று சொன்ன வீடு, ஊர் கொள்ளேகால் தாண்டி ஹனூர்ப் பக்கம் என்று சொன்னதும் சாயங்காலத்துக்குள் வாடகைக்குப் போய்விடும். எட்டாவது வீடு இது. மாடியில் இரண்டு அறை, கீழே வீட்டுக்கார அம்மா. கணவர் இல்லை, ஒரே மகன் பெங்களூரில். வாசலிலேயே நிறுத்திக் கன்னடத்தில் கேட்டார், நீங்கள் யார் என்று. என் வீட்டுக்காரர் ‘நாவு தமிழ்நவரு’ என்றார். தமிழ்க்காரர்கள்.

“ஓ, முதலியாரா?”

அவர் சிரித்தார். பொய் சொல்லவில்லை, சிரித்தார், அவ்வளவுதான். இந்த ஊரில் பல பேருக்குத் தமிழ் என்பதே ஒரு சாதி. பழைய காலத்தில் காண்டிராக்ட், கடை, கல்யாண மண்டபம் என்று வசதியாக இருந்த தமிழர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், அவர்களெல்லாம் முதலியார். சாக்கடை வெட்டவும் செங்கல் சுமக்கவும் வந்தவர்களும் தமிழர்தான், ஆனால் அவர்கள் யாரும் வீடு கேட்டு இந்தத் தெருவுக்கு வந்ததில்லை. அந்தச் சிரிப்புக்கு இருபத்திரண்டு வருடம் வாடகை கட்டினோம்.

எப்படிக் குடித்தனம் நடத்தினோம் என்று இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. கறி சாப்பிட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மண்டி மொஹல்லாவுக்கு ஸ்கூட்டரில் போய், ஓட்டலில் தின்றுவிட்டு, வெற்றிலை போட்டு வாயை மாற்றிக்கொண்டு வருவோம். ஊரிலிருந்து கொழுந்தனார் வந்தால் மாடிப்படி ஏறுவதற்குள்ளேயே ‘மெதுவாப் பேசுங்க’ என்பேன். இரண்டு தடவை வந்தார். மூன்றாம் தடவை கூப்பிட்டதற்கு, “உங்க ஊட்டுக்கு வந்தா திருடப் போன மாதிரியே இருக்குதுங்க அண்ணி” என்று சொல்லிவிட்டார். அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார். நானும் திரும்பக் கூப்பிடவில்லை.

வீட்டுக்கார அம்மா கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல். முதல் சில வருடம் எங்கள் கைத் தண்ணீர் அவருக்கு ஆகாது. முதலியார் என்றாலும் அவர் ஆசாரத்துக்கு ஒரு படி கீழ்தானே. பிறகு குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தது. மகன் பெங்களூரிலிருந்து போனில் அழுதான். மூன்று மாதம் நான்தான் பார்த்தேன். துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன், சோறு பிசைந்து ஊட்டினேன். அதிலிருந்து ஆசாரம் போயிற்று, என் ரசமும் புளியோதரையும் வாரம் இரண்டு நாள் கீழே இறங்கின. உறவினர்களிடம் ‘இவள் எனக்கு மகள் மாதிரி’ என்பார்.

அதே அம்மா, அதே என் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, பேப்பரைப் பார்த்து, “எல்லா வேலையும் அவங்களுக்கே போகுது, நம்ம பிள்ளைங்க எங்கே போகும்?” என்பார். ‘அவங்க’ யார் என்று நான் கேட்டதில்லை. ‘நம்ம’ என்பதில் என்னைச் சேர்த்திருந்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ‘ஆமாம்மா’ என்றிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மகாராஜாவைப் பற்றிப் பேசும்போது அந்த அம்மாவுக்குக் கண் கலங்கும். அரசு உத்தியோகமெல்லாம் ஒரே சாதிக்குப் போகிறது என்று மற்ற சாதிக்காரர்கள் முறையிட்டு, அவர்களுக்கென்று இடம் ஒதுக்கியது அந்த மகாராஜா காலத்தில்தான், இதே ஊரில்தான், நூறு வருடத்துக்கு முன்பே. அதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே.

எனக்கு அந்த இட ஒதுக்கீட்டுப் பட்டியல்கள் மீதும் நம்பிக்கை கிடையாது. ஒன்று, இரண்டு ஏ, இரண்டு பி, மூன்று ஏ, மூன்று பி என்று ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்க வைத்திருக்கிறார்கள். பட்டியல் சாதி என்று எங்களுக்குத் தனி வரிசை. எங்கள் கொள்ளேகால் சீமை ஒரு காலத்தில் கோயம்புத்தூர் ஜில்லாவோடு இருந்தது. மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது மைசூரோடு சேர்த்தார்கள். மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், காகிதத்தில் மட்டும் பேர் மாறிற்று. என் மாமனாரின் பள்ளிச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது. அதில் ‘ஆதி திராவிடர்’. மூத்த கொழுந்தனாருடையதில் ‘பறையர்’. என் வீட்டுக்காரருடையது கன்னடத்தில், ‘ஆதி கர்நாடக’ என்று. ஒரே வீடு, ஒரே அடுப்பு, மூன்று சாதி. அன்றைக்கு ஹெட்மாஸ்டர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாரோ, அவருக்கு வழக்கமான பேர் எதுவோ, அது விழுந்தது. பேர் எதுவானாலும் ஊரில் நாங்கள் குடியிருந்த பக்கம் மாறவில்லை.

சமீபத்தில் கணக்கெடுக்க வந்தார்கள். உள்சாதி எது என்று வீடு வீடாகப் போய்ப் போனில் பதிந்தார்கள். பாவம், பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி வெயிலில் படியேறி வந்தாள். நான் கதவைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தேன். விடுபட்டவர்களுக்கு என்று வேறு இடத்தில் முகாம் போட்டபோது, என் வீட்டுக்காரர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டு வந்தார். மே மாதத்தில் மப்ளர்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இப்படித்தான்.

அப்படி இருக்கும்போதுதான் மகளுக்கு அரசு வேலை கிடைத்தது. இளநிலைப் பொறியாளர். எங்கள் வரிசையில் கிடைத்த இடம். பதினெட்டு மாதம் படித்தாள், ஒரு சினிமா இல்லை, ஒரு கல்யாணம் இல்லை. பட்டியலில் பேர் வந்த அன்றைக்கு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த வாரமே தபால் வந்தது: சாதிச் சான்றிதழ் உண்மைதானா என்று விசாரித்து உறுதி செய்த பிறகே பணி உத்தரவு. அதற்குக் கெடு வேறு. கெடு தாண்டினால் காத்திருக்கும் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா எங்கள் காகிதங்களை மேசைமேல் பரப்பினார். மூன்று காகிதம், மூன்று பேர். என்னை நிமிர்ந்து பார்த்தார். என் கொண்டை, என் மூக்குத்தி, என் கன்னடம், எங்கள் அக்ரஹாரத்து விலாசம் எல்லாவற்றையும் பார்த்தார். “பார்த்தால் அப்படித் தெரியலையேம்மா” என்றார். பாராட்டு மாதிரி சொன்னார். பிறகு, ஸ்தல மகஜர் வேண்டும் என்றார். தமிழ்நாட்டில் மகஜர் என்றால் மனு. இங்கே அது வேறு: ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து, அக்கம்பக்கத்தாரிடம் இவர்கள் என்ன சாதி என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதிக் கையெழுத்து வாங்குவார். குறைந்தது இரண்டு பேர். உறவினர் கூடாது. இதே தெருவில், பல வருடமாக எங்களை அறிந்தவர்களாக இருக்க வேண்டும்.

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

“வேண்டாம் புள்ள,” என்றார் என் வீட்டுக்காரர். “பிரைவேட்ல ஒரு வேலை கெடைக்காமயா போயிரும்? தெருவக் கூட்டிக் காட்டோணுமா?”

“ஏனுங்க, நீங்க நல்லாத்தான் பேசறீங்களா? அன்னைக்குச் சிரிச்சது நீங்க. பதினெட்டு மாசம் கண்ணு முழிச்சது அவ.”

மகள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினேழு வயதில், கல்லூரி விண்ணப்பம் நிரப்பும்போதுதான் விஷயத்தைச் சொன்னோம். ஒரு நோயைச் சொல்வது போலத் தாழ்ந்த குரலில் சொன்னோம். அவள் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. இப்போது, “சும்மனே சண்டை போடாதீங்கம்மா. அவரு வரட்டும், இருக்கறத ஹேளலாம்” என்றாள். சொல்லலாம் என்று தமிழில் வரவில்லை அவளுக்கு.

எனக்கு அந்த வாரம் முழுக்கச் சந்தேகம்தான். யாரிடம் முதலில் சொல்வது? சொன்னால் கையெழுத்துப் போடுவார்களா, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா? கீழ் வீட்டில் போன் பேசும் சத்தம் கேட்டால் எங்களைப் பற்றித்தானோ என்று படியில் நின்று கேட்டேன். பால்காரர் ஒரு நாள் பாக்கெட்டைக் கையில் தராமல் படியில் வைத்துவிட்டுப் போனார். வழக்கமாகவே அப்படித்தான் வைப்பார் என்று மகள் சொன்னாள். எனக்கு ஞாபகம் வரவில்லை. முன்கூட்டியே வீட்டுக்கார அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புவேன், பாதிப் படியில் திரும்பிவிடுவேன். கடைசி வரை சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மகா முட்டாள்தனம் அது.

இன்ஸ்பெக்டர் ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். இளைஞர். கையில் பைல், கூட ஒரு உதவியாளர். கீழே வாசலிலேயே, தெருவைப் பார்த்து நாற்காலி போடச் சொன்னார். மறைவாக எழுதினால் மகஜர் ஆகாதாம்.

முதலில் என் மகளைக் கேட்டார். குலதெய்வம் எது? அவள் தெருமுனைப் பெருமாள் கோயிலைச் சொன்னாள். ஊரில் உங்கள் தெருவுக்கு என்ன பேர்? தெரியவில்லை. சாவு விழுந்தால் யார் சேதி சொல்லப் போவார்கள்? தெரியவில்லை. ஊர்த் திருவிழாவில் உங்கள் வீட்டு முறை என்ன? அவள் என்னைப் பார்த்தாள். பதினெட்டு மாதம் படித்துப் பாஸ் செய்த பிள்ளை, சொந்தச் சாதியில் பெயிலாகி நின்றாள். பாடம் நடத்தாதது நான். இன்ஸ்பெக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். அவர் முகத்தில் ‘போலி’ என்று எழுதியிருந்தது.

அதற்குள் வீட்டுக்கார அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று கேட்டார்: இவர்களை எத்தனை வருடமாகத் தெரியும், இவர்கள் பட்டியல் சாதிதானா?

“என்னப்பா பேசறே?” என்றார் அம்மா கன்னடத்தில். “இருபத்திரண்டு வருஷமா என் வீட்டில் இருக்காங்க. முதலியார். இவள் கையால் நான் சாப்பிட்டிருக்கேன்.” பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “வேலைக்காக இப்படியெல்லாம் செய்யலாமாம்மா? நிஜமான ஏழை யாருக்கோ போக வேண்டிய இடம்.”

இதே அம்மாவின் பேரனுக்கு, பொருளாதாரத்தில் நலிந்தவன் என்று ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். அவன் காரில் வந்து இறங்குவதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். அவன் ஏழைதானா என்று எங்களிடம் கேட்க யாரும் நாற்காலி போட்டு உட்காரவில்லை. ஏழ்மைக்குச் சாட்சி வேண்டாம், எங்களுக்குத்தான் வேண்டும்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிற்று. கத்தினேன். தெருவே கேட்கும்படி கன்னடத்தில் கத்தினேன். நாங்கள் முதலியார் இல்லை, பறையர், எங்கள் வீடு ஊருக்கு வெளியே, என் மாமனார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஊருக்குள் நடந்தார், போதுமா, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஜன்னல்கள் திறந்தன. என் வீட்டுக்காரர் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடம் குசுகுசுவென்றுகூடச் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னேன். அதிலே ஒரு சுகம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்கள் சொன்னால் செல்லாதும்மா. சாட்சி சொல்ல வேண்டும்” என்றார்.

அப்போதுதான் எதிர்வீட்டு மேஷ்ட்ரு தெருவைக் கடந்து வந்தார். ரிடையரான பள்ளி ஆசிரியர். வெள்ளை வேட்டி, மடித்த பேப்பர். என் மகளுக்குக் கணக்கில் சந்தேகம் வந்தால் அவர்தான் தீர்ப்பார், பழைய புத்தகங்களைக் கொடுத்து உதவியிருக்கிறார். தெருவில் நான் ஓரளவு நம்பிய ஒரே ஆள்.

“நான் போடறேன் கையெழுத்து,” என்றார். “வந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். ஹனூர்ப் பக்கம் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். அட்மிஷன் ரிஜிஸ்டரில் சாதி எழுதி எழுதியே கை தேய்ந்தவன். இந்த அம்மா இந்தத் தெருவில் ஒருத்தரைக்கூட நீங்க என்ன ஜனம் என்று கேட்டதில்லை. கேட்காதவங்க யாருன்னு எனக்குத் தெரியாதா?”

தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாரே, எவ்வளவு பெரிய மனிதர் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்தான் அப்படி நினைக்க முடிந்தது.

“அது போதாது சார்,” என்றார் இன்ஸ்பெக்டர். “நெருங்கிப் பழகியதற்கு ஏதாவது சொல்லுங்கள். எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?”

“இருபத்திரண்டு வருஷத்தில் இவங்க வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிச்சதில்லை,” என்றார் மேஷ்ட்ரு. “இந்த அம்மாவையே கேளுங்க. வேற என்ன அத்தாட்சி வேணும்?”

கோபமாகச் சொல்லவில்லை. பெருமையாகவும் சொல்லவில்லை. பிறந்த தேதியைச் சொல்வது போலச் சொன்னார். நான் யோசித்துப் பார்த்தேன். எத்தனை தடவை காபி நீட்டியிருக்கிறேன், எத்தனை தடவை ‘இப்பத்தான் ஆச்சு’ என்றிருக்கிறார்! சர்க்கரை வியாதி என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். ஊரெல்லாம் சந்தேகப்பட்டவள், அந்த ஒரு மனிதரைச் சந்தேகப்படவில்லை. இன்ஸ்பெக்டரின் பேனா கொஞ்ச நேரம் காகிதத்தின் மேல் அசையாமல் நின்றது. அவர் என்ன சாதியோ, எனக்குத் தெரியாது. பிறகு ‘நேரடியாக நன்கு அறிவேன்’ என்று மட்டும் எழுதி நீட்டினார். மேஷ்ட்ரு அழகான கையெழுத்தைப் போட்டார்.

நான் கை கூப்பினேன். “தும்ப உபகார ஆயிது சார்” என்றேன். ரொம்ப உதவி செய்தீர்கள் என்றேன். நான் தொட்ட தண்ணீரைத் தொடாதவருக்கு, அதற்காகவே நன்றி சொன்னேன். மகளுக்காகச் சொன்னேன், இன்னொரு தடவை வேண்டுமென்றாலும் சொல்வேன். ஆனால் கூப்பிய என் கைகளை அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னும் ஒரு சாட்சி வேண்டும். தெருவில் கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக, அடுப்பில் பால் இருப்பது நினைவுக்கு வந்து, உள்ளே போனார்கள். வீட்டுக்கார அம்மா மட்டும் அங்கேயே நின்றார். என் பக்கம் திரும்பினார்.

“ஏன் என்கிட்டே பொய் சொன்னே?”

“நீங்க கேட்டீங்களேம்மா,” என்றேன்.

அவர் இன்ஸ்பெக்டரிடம், முதலியார் என்று எழுதியிருந்த தன் வாக்குமூலத்தை அடிக்கச் சொன்னார். பேனாவை வாங்கினார். “இப்போது தெரியும்” என்று சொல்லிவிட்டு, போட்டார் கையெழுத்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. காலில் விழலாமா என்றுகூட நினைத்தேன். கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் மாடிக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கீழே குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அந்த அம்மா காலை ஆறு மணிக்கே குளித்துவிடுவார். இடுப்பு உடைந்த பிறகு ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளித்து நான் பார்த்ததில்லை. வெயில் அன்றைக்குக் கொடுமையாகத்தான் இருந்தது. வாசலில் அவ்வளவு நேரம் நின்றிருந்தார், வியர்த்திருக்கும். மகள் அதைத்தான் சொன்னாள். என் வீட்டுக்காரர் டி.வி.யைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

வேலை கிடைத்துவிட்டது. மகள் எட்டு மாதமாகச் சம்பளம் வாங்குகிறாள். யாரும் எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. வீட்டுக்கார அம்மா முன்போலவே பேசுகிறார், பேப்பர் செய்தியைப் பற்றி மட்டும் என்னிடம் பேசுவதில்லை. ரசம் வேண்டும் என்று கேட்கிறார், கொடுக்கிறேன். பாத்திரம் கழுவித் திரும்பி வருகிறது, நன்றாக இருந்தது என்கிறார். காலையில் டியூட்டிக்குப் போகும்போது, குப்பை வண்டிக்காக அவர் வாசலில் வைத்திருக்கும் பச்சை வாளியைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் மூடியைத் தூக்கிப் பார்க்கிறேன். காய்த்தோல், காபித்தூள், வாடிய பூ. இதுவரை என் ரசத்தை அதில் பார்த்ததில்லை. நாளைக்கும் தூக்கிப் பார்ப்பேன்.